வெறுந்தலைக்காரர்களின் நிழல்

அதுவரை நெடுங்கரையில் ஏட்டளவில் மட்டும் இருந்த ஹெல்மெட் சட்டம், இனிமேல் வண்டி ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப்போன ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை, மல்லிகை மூட்டைகள் இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு கிழக்கேயிருந்து பூச்சந்தைக்கு வந்துகொண்டிருந்த சவரிமுத்து, தனக்கு முன்னால் தார்ச்சாலையில் நீண்டு ஓடிய தன் நிழலுக்குத் தலை இல்லாததைப் பார்த்தார். வண்டியின் நிழல் இருந்தது, அகன்ற தோள்கள் இரண்டும் இருந்தன, சட்டைக் காலரின் மடிப்புகூடத் தெரிந்தது, அதற்கு மேலே வெறும் சாலைதான் இருந்தது. ஒரு கையை எடுத்துத் தலையைத் தொட்டுப் பார்த்தார். தலை இருந்தது, முடி கலைந்திருந்தது, நெற்றியில் வியர்வை இருந்தது. மூட்டைகளைச் சந்தையில் இறக்கிவிட்டு டீக்கடைக்குப் போனபோது, அங்கே ஏற்கெனவே பதினோரு பேர் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டு ஓட்டியவர்களின் நிழலில் பானை கவிழ்த்ததுபோல உருண்டையாக ஒரு தலை இருந்தது. வெறுந்தலையாக ஓட்டியவர்களின் நிழல் கழுத்தோடு முடிந்துபோனது. வண்டியைவிட்டு இறங்கியதும் தலை திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. யாரும் அலறவில்லை, யாரும் மயங்கி விழவில்லை. இது சட்டத்துக்குள் வருமா வராதா என்பதுதான் ஊரின் முதல் சந்தேகமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் மாற்றலாகி வந்திருந்த போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் மங்கையர்க்கரசியிடம் நாலு பேர் போய்க் கேட்டார்கள். அவர் வெயிலில் நின்றபடியே யோசித்துவிட்டு, "நிழலுக்கெல்லாம் நான் கேஸ் எழுத முடியாதுங்க. தலைக்குத்தான் எழுத முடியும்," என்றார்.

அதற்குப் பிறகு நெடுங்கரை அந்த நிழல்களோடு வாழப் பழகிக்கொண்டது. நிழல் காலடியில் சுருண்டு கிடக்கும் உச்சிப்பொழுதுக்கு வண்டியோட்டம் அதிகமானது. மேகம் போட்ட நாள்களில் ஊரே திருவிழாபோல வெறுந்தலையாக வெளியே கிளம்பியது. கடைவீதி வியாபாரிகள் கூடிப் பேசி, கடைக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கக் கூடாது என்று, வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பச்சை வலையை இழுத்துக் கட்டி நிழலையே இல்லாமல் செய்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளை வாசலில் ஒரு சுற்று வண்டி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள் பெண் வீட்டார். பெருமாள் கோயில் பட்டர், வண்டியில் உட்கார்ந்திருந்த ஒருவனின் நிழல்மேல், பக்தர்கள் தலையில் வைக்கும் சடாரியைப் பிடித்துப் பார்த்தார். சடாரியின் நிழல் மட்டும் கழுத்துக்கு மேலே ஒரு சாண் அந்தரத்தில் நின்றது. தெருநாய்கள் வண்டிகளைத் துரத்துவதை நிறுத்திக்கொண்டு, நிழல் தங்கள்மேல் படாதபடி சுவரோரமாக ஒதுங்கின. இத்தனைக்கும் சட்டம் வந்த பிறகான நாற்பது நாளில் நெடுங்கரைச் சாலைகளில் ஒரு சின்ன விபத்துகூட நடக்கவில்லை, ஒருவனுக்கு முழங்கை சிராய்க்கவில்லை. அதுதான் எல்லோரையும் உள்ளுக்குள் நெருக்கியது. எதுவோ ஒன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல இருந்தது.

சவரிமுத்துவுக்கு ஹெல்மெட்மேல் பகை ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் கல்குவாரியில் வெடி வைத்தபோது அவருடைய இடது காது போய்விட்டது. மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டுதான் இருபத்தாறு வருடமாக லாரி எது, பஸ் எது, பின்னால் எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று பிரித்தறிந்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டை மாட்டினால் அந்த ஒற்றைக் காதும் கிணற்றுக்குள் இறங்கியதுபோல அடைத்துப்போகும். இதைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவாக எழுதிக் கொடுத்தபோது, உங்கள் ஒருவருக்காகச் சட்டத்தை மாற்றவா முடியும் என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே, சோதனையில் நின்ற ஒரு காவலர் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாவியைப் பிடுங்க, அதை ஓட்டிவந்த தறிக்காரர் விழப்போய்க் காலை ஊன்றித் தப்பினார். அன்று சாயங்காலம் பூச்சந்தைக் கொட்டகையில் இருசக்கர வாகன ஓட்டிகள் உரிமைச் சங்கம் பிறந்தது. ஆறடி உயரமும், ஒற்றைக் காதுக்காரர்களுக்கே உரிய உரத்த குரலும் இருந்ததால் சவரிமுத்துவைத் தலைவராக்கினார்கள். அவர் மரப்பெட்டிமேல் ஏறி நின்று, "என் தலைக்கு நான்தான் சொந்தக்காரன். அதை எப்படி வச்சுக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்," என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. முன்வரிசையில் நின்று எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டியவள் அவருடைய மகள் ஜெனோவா.

ஜெனோவாவுக்குப் பத்தொன்பது வயது. பதினாலு கிலோமீட்டர் தள்ளியிருந்த பாலிடெக்னிக்குக்குத் தினமும் ஸ்கூட்டரில் போய்வந்தாள். சட்டம் வருவதற்கு முன்னால் யாரும் சொல்லாமலே ஹெல்மெட் போட்டுக்கொண்டிருந்தவள், கட்டாயம் என்ற வார்த்தையைக் கேட்ட அன்று கழற்றி வைத்தாள். கொல்லையில் கிடந்த அந்த ஹெல்மெட்டுக்குள் கோழி முட்டையிடத் தொடங்கியிருந்தது.

தன் தலையில்லாத நிழலுக்குச் சவரிமுத்து ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். நிழலுக்குத்தானே இல்லை, எனக்கு இருக்கிறதே என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒரு நாள் காலை மகளுக்குப் பின்னால் வண்டி ஓட்டிப் போனபோது, அவளுடைய ஒல்லியான நிழல் துப்பட்டா பறக்கக் கழுத்தோடு நின்றதைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் கண்ணுக்கு மறையும்வரை நின்றார். அன்று சாப்பிட்டு முடித்ததும் மெதுவாக ஆரம்பித்தார்.

"பாப்பா, நாளையிலருந்து நீ மட்டும் ஹெல்மெட் போட்டுக்கம்மா."

ஜெனோவா தட்டைக் கழுவிக்கொண்டே திரும்பாமல் கேட்டாள். "இதை யாரு சொல்றாங்க? சங்கத் தலைவரா, எங்கப்பாவா?"

"அப்பாதான்."

"தலைவர் மேடையில சொன்னதுக்கு நான் கை தட்டினேன்ப்பா. அது அவர் தலைக்கு மட்டும் சொன்னதா?"

"எனக்குக் காது கேக்காது. எனக்கு ஒரு காரணம் இருக்கு."

"மிரட்டிப் போடச் சொன்னா எனக்குப் பிடிக்கல. அது காரணம் இல்லையா?"

சவரிமுத்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ரெஜினா, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு தலையையாவது மிச்சம் வைங்க," என்றாள்.

அந்த வாரத்தில்தான், இறங்கியதும் திரும்பிக்கொண்டிருந்த தலைகள் தாமதிக்கத் தொடங்கின. முதலில் ஒரு டீ குடிக்கும் நேரம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு அரை நாள். வண்டியை நிறுத்திவிட்டு வங்கியில் வரிசையில் நின்றவர்களின் நிழலிலும் கல்யாணப் பந்தலுக்கு வெளியே நின்றவர்களின் நிழலிலும் தலை இல்லை. ஜனங்கள் நிழல் விழாத இடமாகப் பார்த்து நின்று பேசப் பழகினார்கள். சங்கம் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வண்டிப் பேரணி அறிவித்தது. காலை ஆறு மணிக்குக் கிளம்பி ஏழரைக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

பேரணிக்கு முந்தின நாள் சாயங்காலம் ரெஜினா வந்து சவரிமுத்துவின் மணிக்கட்டைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஜெனோவா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். இறங்கு வெயிலில் தண்ணீர்த்தொட்டியின் வெள்ளைச் சுவரில் அவளுடைய நிழல் பெரிதாக விழுந்திருந்தது. கைகள் உயர்ந்தன, சேலையின் நிழல் இரண்டாக மடிந்தது, நாலாக மடிந்தது, இடுப்பு வளைந்து நிமிர்ந்தது, தோளுக்கு மேலே சுவர் வெள்ளையாகவே இருந்தது. அதற்கும் முந்தின நாள் காலேஜிலிருந்து வந்து இறங்கியவள் அதன்பிறகு வண்டியைத் தொடவே இல்லை.

"நேத்து இறங்கினதுங்க," என்றாள் ரெஜினா அவருடைய வலது காதருகே. "ராத்திரி போயி, விடிஞ்சு, இன்னொரு சாயங்காலம் ஆயிருச்சு."

சவரிமுத்து மகளின் முகத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அவள் முனகிய பாட்டு எந்த வாயிலிருந்து வருகிறது என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் அறுநூறு வண்டிகள் கிளம்பின. சூரியன் அப்போதுதான் முதுகுக்குப் பின்னால் வீடுகளுக்கு மேல் எழும்பியிருந்தது. மேற்கே போன அகலச் சாலை முழுக்க, வண்டிகளுக்கு முன்னால், அறுநூறு கழுத்துகள் நீளநீளமாக ஓடின. கோஷம் போட்டவர்கள் தங்கள் முன்னால் ஓடியதைப் பார்க்கப் பார்க்கக் குரல் இறங்கி, பூச்சந்தை தாண்டியதும் எஞ்சின் சத்தம் மட்டும் மிஞ்சியது. சவரிமுத்து முதல் வரிசையில் தன் உயரமான பழைய மோட்டார் சைக்கிளில் போனார். அவருக்கு இடப்பக்கம், அவருக்குக் கேட்காத பக்கம், ஜெனோவாவின் ஸ்கூட்டர் வந்தது. அவர் சாலையைப் பார்க்கவில்லை, தன் நிழலைப் பார்க்கவில்லை, அவளுடைய நிழலையே பார்த்துக்கொண்டு வந்தார். அது கல்லின்மேல் ஏறி இறங்கியது, வேகத்தடையில் முறிந்து சேர்ந்தது, ஒவ்வொரு முறையும் கழுத்தோடு வந்து நின்றது.

நாலு ரோட்டில் மங்கையர்க்கரசி நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் விழிப்புணர்வு மேசை ஒன்று போட்டிருந்தார்கள். அதன்மேல் வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி ஹெல்மெட்டுகள் குவிந்திருந்தன. சவரிமுத்து வண்டியை நிறுத்தினார். அறுநூறு வண்டிகளும் நின்றன. அவர் இறங்கி மேசைக்குப் போய், பெரிதாக ஒன்றை எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கினார். உலகத்தின் சத்தம் முழுவதும் சட்டென்று நின்றுபோனது. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தபோது சாலையில் அவருடைய நிழலுக்கு உருண்டையாக ஒரு தலை முளைத்திருந்தது.

சங்கச் செயலாளர் தனுஷ்கோடி முன்னால் ஓடிவந்து கைகளை ஆட்டினார். அவர் வாய் அசைந்ததிலிருந்து, என்ன தலைவரே இது என்று கேட்பது புரிந்தது.

"நான் யாரையும் போடச் சொல்லல," என்றார் சவரிமுத்து, தன் குரலே தனக்குக் கேட்காமல், ஊருக்கே கேட்கும்படி. "சங்கத்த நீ பாத்துக்க. எனக்கு ஒரு வேலை இருக்கு."

ஜெனோவா அவரைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள், அது கேட்கவில்லை. அவள் கண்கள் சிவந்திருந்தன. முன்சக்கரத்தைத் திருப்பி, மங்கையர்க்கரசி கை நீட்டுவதற்குள், கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு மேற்கே தனியாகப் பறந்தாள்.

சவரிமுத்து பின்னால் போனார். கண்மாய்க்கரைச் சாலையில் அவளை நெருங்கினார். கூப்பிடவில்லை, முந்தவில்லை, கையைக் காட்டி நிற்கச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அந்த ஒரு ராத்திரியில் அவருக்குத் தெரியாமல் போயிருந்தது. அவள் எவ்வளவு வேகம் போனாளோ அவ்வளவு வேகம் போனார். அப்போதுதான் அது தற்செயலாக நடந்தது: சாலை வளைவு முடிந்து நேரான இடத்தில், சூரியன் சரியாகப் பின்னால் வந்து நின்றபோது, உயரமான வண்டியில் உயரமாக உட்கார்ந்திருந்த அவருடைய நிழல் நீண்டு போய் அவளுடைய நிழலுக்குள் விழுந்தது. அவருடைய தலை அவளுடைய கழுத்தின்மேல் போய் உட்கார்ந்தது.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். முன்னால் ஓடிய பெண் நிழலுக்கு இப்போது தலை இருந்தது. அவளுடைய தோளுக்குக் கொஞ்சம் பெரிய தலை, ஆனாலும் தலை. அவள் வலப்பக்கம் ஒதுங்கினால் அவரும் ஒதுங்கினார். அவள் பள்ளத்தில் வேகம் குறைத்தால் அவரும் குறைத்தார். அவள் முடுக்கினால் அவரும் முடுக்கினார். இரண்டு கிலோமீட்டர் அப்படிப் போனார்கள். ஆனால் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏற நிழல்கள் சுருங்கின, தலை கழுத்தைவிட்டு மெல்லமெல்லப் பின்வாங்கி முதுகில் இறங்கியது. சவரிமுத்து இன்னும் நெருங்கினார். அவருடைய முன்சக்கரத்துக்கும் அவளுடைய பின்விளக்குக்கும் நடுவே ஒரு முழம்தான் இருந்தது. அவள் திடீரென்று பிரேக் பிடித்தால் இரண்டு பேருமே இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அதற்கும் மேலே நெருங்க முடியாதபோது, இரண்டு காலையும் கால்வைப்பில் ஊன்றி எழுந்து நின்றார். ஆறடி மனிதன், ஓடும் வண்டியில், விறைத்து நின்றபடி, வழியிலிருந்த பாலத்தின்மேல் ஏறினார். தலை மறுபடி கழுத்தைத் தொட்டது.

பாலத்தைத் தாண்டியதும் ஜல்லி ஏற்றிய லாரி ஒன்று அவருக்குப் பின்னால் வந்தது. அதன் ஹாரன் பாலத்தையே அதிரவைத்தது, சவரிமுத்துவுக்கு மட்டும் கேட்கவில்லை. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் அவர் ஒதுங்கிவிடுவார் என்று நினைத்து வலப்பக்கம் ஏறினான், பஸ்ஸைப் பார்த்து மறுபடி இடப்பக்கம் ஒடித்தான். ஜெனோவா கண்ணாடியில் பார்த்தாள்: அப்பா நின்றபடியே வருகிறார், கண் எங்கோ தரையில் இருக்கிறது, அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி நிறைய லாரி. கத்தினாள். கையை ஆட்டினாள். அவர் நிமிரவே இல்லை. பிரேக்கைத் தொட்டால் அவர் தன்மேல் மோதுவார் என்பது அவளுக்கும் தெரிந்தது. எதைப் பார்த்துக்கொண்டு வருகிறாரோ அதை நகர்த்தினால்தான் அவர் நகருவார் என்று அந்த நொடியில் புரிந்து, வேகத்தைக் குறைக்காமலே ஸ்கூட்டரை இடப்பக்கம் மண்ணில் இறக்கினாள். நிழல் சாலையைவிட்டு இறங்கியது. நிழலைத் தொடர்ந்து அவரும் இறங்கினார். ஒரு சூடான காற்று அவருடைய முழங்கையை உரசிக்கொண்டு போனது. நிமிர்ந்து பார்த்தபோது லாரியின் பின்பக்கம் புழுதிக்குள் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வண்டிகளும் கருவேலம்புதர் ஓரமாகச் சரிந்து நின்றன. சவரிமுத்து வாரைக் கழற்றப் பார்த்தார், கொக்கி பிடிபடவில்லை. ஜெனோவா வந்து கழற்றிவிட்டாள். சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்ப வந்தது, அவளுடைய அழுகையும் சேர்ந்து.

"செத்திருப்பீங்க! ஹாரன் அடிச்சான், நான் கத்தினேன், ஒண்ணும் கேக்கலையா உங்களுக்கு?"

"கேக்கல."

"அப்புறம் எதுக்கு அதைப் போட்டீங்க? எதுக்கு இப்படி ஒட்டிக்கிட்டே வந்தீங்க?"

அவர் சாலையைக் கைகாட்டினார்.

ஜெனோவா முகத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். "பாத்தேன்," என்றாள். "கண்மாய்க்கரையிலருந்தே பாத்துக்கிட்டுதான் வந்தேன். உங்க தலைன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா நீ நிறுத்தல?"

துப்பட்டாவில் ஒட்டியிருந்த கருவேல முள்ளைப் பிடுங்கி எறிந்தாள். "நல்லா இருந்துச்சுப்பா," என்றாள் கடைசியில். "அதான் நிறுத்தல."

ஒரு பஸ் போனது, இரண்டு ஆடுகள் சாலையைக் கடந்தன. சவரிமுத்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அதை அவளிடம் நீட்ட அவருடைய கை இரண்டு முறை எழுந்தது, இரண்டு முறையும் இறங்கியது. அவள் அதைக் கவனித்தாள். பிறகு ஸ்கூட்டரை நிமிர்த்தி, சாவியைத் திருப்பாமல், ஊரைப் பார்க்கத் திருப்பித் தள்ள ஆரம்பித்தாள். அவரும் ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுத் தன் வண்டியைத் திருப்பித் தள்ளினார். ஏழு கிலோமீட்டர் இருந்தது, வெயில் ஏறியிருந்தது. போகிற வண்டிக்காரர்கள் வேகம் குறைத்து, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று இருவரும் தலையாட்டினார்கள். எதிர்வெயிலில் அவர்களுடைய நிழல்கள் பின்னால் இழுபட்டு வந்தன. அவளுடைய தலை எப்போது திரும்பியது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்மாய்க்கரையில் தண்ணீர் குடிக்க நின்றபோது திரும்பிப் பார்த்தார், மண்ணில் முதலில் தெரிந்தது அவளுடைய ஜடைதான், காற்றில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டு. அவர் அதைப் பார்க்காததுபோல முன்னால் திரும்பிக்கொண்டார்.

நாலு ரோட்டில் பேரணி கலைந்திருந்தது. தடுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டு மங்கையர்க்கரசி மட்டும் நின்றுகொண்டிருந்தார். வியர்வையில் நனைந்து வண்டி தள்ளி வந்த இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லைங்க மேடம்," என்றார் சவரிமுத்து.

"பெட்ரோல் தீந்துருச்சா?"

"இருக்குங்க."

"அப்புறம் எதுக்கு இந்த வெயில்ல தள்ளிக்கிட்டு வர்றீங்க?"

சவரிமுத்து மகளைப் பார்த்தார். ஜெனோவா நெற்றி வியர்வையைப் புறங்கையால் வழித்துவிட்டு, மங்கையர்க்கரசியை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"இன்னும் முடிவு பண்ணல மேடம்."

மங்கையர்க்கரசி சவரிமுத்துவின் வண்டிக் கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு தடுப்பின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, அவர்கள் இரண்டு பேரும் வண்டியோடு நுழைகிற அளவுக்கு வழிவிட்டார்.